புள்ளியில் தொடங்கும் கோப்பு

குரெஸாரேயில் பிப்ரவரி. விரிகுடா உறைந்துவிட்டது,
படகுகள் தாமதம்.
படகுச்சீட்டு மென்பொருள் எழுதும் இரண்டாம் மாடியில்
எவேலி மட்டும் இருக்கிறாள்,
நேற்றைய காபியோடு.

ரெய்மோ வேலையை விட்டுப் போய் எட்டு நாள்.
அவன் கணினியில் கிடப்பதைத் துடைத்துவிட்டு
திங்கட்கிழமை வரும் புதியவனுக்குத் தர வேண்டும்.
கட்டளையை அடித்தாள்:
பட்டியலில் இருப்பதையும் சேர்த்துத் துடை.

அந்தப் பட்டியல் புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு.
தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் போய்விடும்.
இங்கே பெயருக்கு முன்னால் விழுந்தால்
கண்ணிலிருந்து போய்விடும்.

எண்பத்தேழு வரிகள்,
எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று.
பதிவுக் கோப்புகள், நட்சத்திரம் போட்டு மொத்தமாக.
யாரோ ஒருத்தியின் மேக்
போகிற இடமெல்லாம் போட்டுவிட்டுப் போகும் எச்சம்.
இருபதாயிரம் இரவல் கோப்புகளின் கிடங்கு,
தொலைந்தால் என்ன,
ஒரு காபி ஆறுவதற்குள் மறுபடி இறங்கிவிடும்.

நாற்பத்தொன்றாம் வரி கடவுச்சொற்கள்.
வரியைச் சேர்த்தது செவ்வாய்.
கோப்பு உள்ளே போனது திங்கள்.
ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை
இந்தப் பட்டியல் ஒன்றும் செய்யாது;
முழுப் பூசணிக்காய், ஒரு பிடி சோறு.
அன்று விடியும்வரை சாவிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
ரெய்மோ ஒரு வார்த்தை பேசவில்லை,
காது மட்டும் சிவந்திருந்தது.

திரையில் பெயர்கள் மேலேறிப் போயின,
நீக்குகிறேன், நீக்குகிறேன், நீக்குகிறேன்.
கடைசியாக ஒன்று:
யாட்டே.

அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் இரண்டு.
உறைந்த கடல்மேல் கார் ஓட்டிப்போகும் பனிச்சாலை.
ஐஸ் போட்ட தேநீர்.
ஒரே எழுத்து, ஒரே ஒலி.
இடம் தெரிந்தால்தான் எது என்று தெரியும்,
இடம் போய்விட்டது.

குப்பைத்தொட்டியில் இல்லை.
வரலாற்றில் தேடினாள். அங்கே எப்படி இருக்கும்,
இராதே என்றுதானே எழுதி வைத்தான்.
எழுதி வைத்த வரி மட்டும் பத்திரம்:
ரெய்மோ, ஆறு வருடம் முன்பு, மார்ச் மூன்று,
அதிகாலை இரண்டு நாற்பது.
செய்த மாற்றத்துக்கு அவன் தந்த விளக்கம்
'சிறு திருத்தம்'.

ஆறு வருடம் எல்லோர் கணினியிலும்
அந்தப் பெயர் இருந்திருக்கிறது,
அவள் கணினியிலும்.
கண்டுகொள்ளாதே என்றது,
கண்டுகொள்ளவில்லை.

கைப்பேசியை எடுத்தாள்.
துடைத்துவிட்டேன் என்று எழுதி, அழித்து,
மன்னித்துவிடு என்று எழுதி, அழித்து,
கடைசியில் அனுப்பியது:
சாலையா, தேநீரா?

மாலைப் படகு போன பிறகு பதில் வந்தது.
ஆமாம்.

வரி எண் எண்பத்தேழு.
அதை அழிக்கக் கையை வைத்தாள். அழித்தால்
அழித்தவள் பெயரும் நேரமும் பதிவாகும்.
விட்டுவிட்டு
கோட்டைத் தேடினாள்.