இரண்டு கச்சேரி

எங்கே வேலை என்று கேட்டார்கள் மயிலாப்பூரில்.
கச்சேரியில், என்றேன்.
என்ன வாத்தியம், என்றார்கள்.
எங்களூரில் அரசாங்க அதிபர் இருக்கும் கட்டடத்துக்கும்
அதுதான் பெயர் என்று விளக்குவதற்குள்
மோர் வந்துவிட்டது.

காணிப் பிரிவு, மூன்றாவது மேசை.
எட்டரை முதல் நாலேகால்.
பிறகு வயலின் பெட்டியை முதுகில் கட்டி
சைக்கிளில் உட்துறைமுக வீதியால்.
இந்தக் காற்றுக்குத் தந்தி ஆறு கிழமை தாங்காது,
வில்லுக்குத் தேய்க்கிற குங்கிலியம்
கட்டியாக இருந்தபடியே வேர்க்கும்.
கொழும்புப் பாதை அடைத்த வருசம்
மேல் தந்தி அறுந்தது.
மனையாவெளி அலோசியஸ் தங்கூசி தந்தான்.
பாரைமீனை இழுக்கிற நூல் அக்கா,
உங்கட ராகத்தை இழுக்காதா?
இழுத்தது.
சஹானா மட்டும் கொஞ்சம் வெடுக்கடித்தது.

சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.
ஒருநாள் ஒரு பொடியன், தலைக்கவசம் கண்வரை இறங்கியவன்,
வாசி, என்றான்.
தெருவோரம் குந்தியிருந்து
நாலு தந்தியையும் சுருதி சேர்த்தேன்.
ச, ப, ச, ப.
போதும் போதும், நல்ல பாட்டு என்று கையசைத்தான்.
அன்றைக்குச் சிரிப்பு வந்தது.
இன்றைக்கு அவன் பிழையாகச் சொன்னான் என்று
அடித்துச் சொல்லமாட்டேன்.

நோட்டீசில் என் பெயர் கடைசிக்கு முதல் வரி.
மாதுமை அரியகுட்டி.
மாதுமா என்றும் வந்திருக்கிறது,
அரியகுட்டி தனியாகவும் வந்திருக்கிறது,
ஒருமுறை வயலின் என்று போட்டு
இரண்டு புள்ளி வைத்து
அப்படியே விட்டிருந்தார்கள்.

பாடுகிறவர் ஒரு சங்கதி ஏறுவார்.
அரை மூச்சு பிந்தி நான் ஏறுவேன்.
அவர் தடுக்கினால் நானும் அங்கேயே தடுக்கி
அது வேண்டுமென்றே போட்ட பிடி என்று ஆக்குவேன்.
குறையாகச் சொல்லவில்லை.
பகல் கச்சேரியிலும் அதுதானே வேலை.
வெருகலில் இருந்து வந்த மனுசி சொல்லுவாள்:
வடக்கெல்லை வம்மி மரம்,
கிழக்கெல்லை குளக்கட்டு,
உறுதி எரிஞ்சு போச்சு,
மரமும்...
அவள் நிறுத்துகிற இடத்தில் பேனாவை நிறுத்துவேன்.
அவள் மூக்கைச் சிந்தி முடித்ததும்
அடுத்த எல்லை.

ஆடி அமாவாசைக்கு முதல் வெள்ளி, நகரமண்டபம்.
பாட வேண்டிய இராசசேகரம்
ஹபறணையில் பேருந்தோடு மறிபட்டு நின்றார்.
சமாளியுங்கோ அக்கா, என்றார் செயலாளர்,
நாற்காலிகளுக்கு வாடகை கட்டியவர்.
முப்பத்து மூன்று வருசத்தில் முதல்முறையாக
நடுவில் இருந்தேன்.
தோடி.
ஒரு பிடி வாசித்ததும் வில் தானாக எழும்பி நின்றது.
அவர் பாடுகிற அளவு நேரம்
அந்தரத்தில்.
பிறகு, ஒருவரும் பாடாத அந்த வரியை
அரை மூச்சு பிந்தித் தொடர்ந்து போனது.
மிருதங்கத்தில் விரலை வைத்தபடி
கனகசூரியம் என்னைப் பார்த்தார்,
பிறகு அவரும் காத்திருந்தார்.
மின்விசிறி கேட்டது.
வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்கள்.
இப்படியே ஒன்றரை மணித்தியாலம்.

முடிந்தபின் ஒரு பெடிச்சி மேடைக்கு வந்து
இடைக்கிடை மறந்து போச்சுதா அன்ரி, என்றாள்.
ஓம், என்றேன்.

ஓய்வு பெற்றுவிட்டேன், இரண்டிலும் இல்லை, ஒன்றில்.
வயலினின் சுருள் முட்டி முட்டி
வலது கணுக்காலில் ஐந்து சதக் காசளவு கறுப்பு.
வைத்தியர் களிம்பு எழுதித் தந்தார்.

போன தையில் தனிக் கச்சேரி ஒன்று வைத்தார்கள்.
மஞ்சள் தாளில் என் பெயர்
முழுதாக, எழுத்துப் பிழையில்லாமல்,
பாட்டுக்காரருக்குப் போடுகிற பருமனில்.
கச்சேரி மதிலில் ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்கோ, என்றார்கள்.
நான் போய்ச் சேர
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அரியகுட்டியைத் தின்று முடித்து
மாதுமையில் நின்றது.
பசை நல்ல பசையாக இருந்திருக்க வேண்டும்.