நாற்பத்தொன்றாம் படலம்

வடசேரி சந்தையில் வாழைப்பூ வாங்குகிறவர்கள்
மடலை எறிந்துவிட்டுப் பூவைச் சமைப்பார்கள்.
நான் பூவை விட்டுவிட்டு
மடலைக் கட்டிக்கொண்டு போகிறவள்.
"வீட்ல ஆடு நிக்கா மக்கா?"
கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

ஆய்வகம் இரண்டாம் மாடி.
இறால் ஓடு ஒரு வாளி
அமிலத்தில் ஊறி, காரத்தில் வெந்து,
வெள்ளைப் பொடியாகி,
மடலின் கருஞ்சிவப்புச் சாற்றோடு சேர்ந்து
கண்ணாடித் தட்டில் ஓரிரவு காய்ந்தால்
உரித்தெடுக்க ஒரு படலம்.

காவியத்தில் படலம் என்றால்
யாராவது பிறப்பார்கள், யாராவது ஊரை எரிப்பார்கள்.
என்னுடையதில் ஒரு சாளை மீன்
கெட்டுப்போக வேண்டும்.
அதைப் படலம் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் கதை.

முதலாவது அப்பளம்போல நொறுங்கியது.
ஒன்பதாவது விரலைவிட்டுப் போக மறுத்தது.
பதினேழாவதைப் பூசணம் தின்றது.
இருபத்தெட்டாவது
அழுகிய மீனுக்கும் எனக்கும்
ஒரே முகம் காட்டியது.
ஸ்ரீகுமார் சார் "கிளிசரின் கூடுதல்" என்றார்.
அடுத்த மாதம் "கிளிசரின் குறைவு" என்றார்.

நாற்பத்தொன்று. மே மாதம். மின்வெட்டு.
ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலையும் சுற்றிக்கொண்டிருக்க
எங்கள் உலர்பெட்டி மட்டும் அணைந்துபோனது.
படலம் தன் போக்கில், மெல்லக் காய்ந்தது.
காலையில் உரித்தேன். கிழியவில்லை.
டப்பாவின் மூடிக்கடியில் ஒட்டினேன், கீழே சாளை.
ஆறு மணி நேரம் ரோஜா.
பத்தில் ஊதா.
பதினாறில்
பாசி பிடித்த குளத்துப் படியின் பச்சை.
இனி திறந்து பார்க்கத் தேவையில்லை,
அதற்காகத்தானே இவ்வளவும்.
அஜின் திறந்தான்.
ஓடினான்.

பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பு 'புரட்சி' என்றது.
படத்தில் நான் போட்டிருப்பது
இரவல் வெள்ளைக் கோட்டு.

புரட்சியைக் குளச்சலில் லாரி ஏற்றினோம்.
கோட்டயம் வரை. ஓட்டுநர் வினுகுமார்.
ஐஸ் பெட்டி ஆறு, படலம் ஆறு,
நிறுத்துகிற இடமெல்லாம் ஒரு போட்டோ.
"மீனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்குமோ?"
"கெட்ட மீனுக்கு மட்டும்."
"கொள்ளாம்" என்றார், நம்பாமல்.

தக்கலை: ரோஜா.
மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்: ரோஜா,
ஓரத்தில் பாதி குடித்த சாயா.
களியக்காவிளை சோதனைச்சாவடி, 11.40:
பழுப்பு.

பழுப்பா?
என் அட்டவணையில் பழுப்பே கிடையாது.
மூன்றரை வருடம் வயிற்றில் புரண்டது.
போன் போட்டேன். மீன் எப்படி இருக்கு?
"மீனுக்கு ஒண்ணுமில்ல மேடம்,
லைட்டாக்கும் மஞ்சள்.
இங்க நிண்ணா என் வெள்ளைச் சட்டையும் பழுப்புதான்."

நாற்பத்தொரு படலங்களும்
ஒரே குழல்விளக்கின் கீழ் வளர்ந்தவை.
சாலைக்கு என்ன நிறம் என்று
அவற்றுக்குத் தெரியாது.
எனக்கும்.

அடுத்த படம் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தது.
ஒவ்வொரு படலத்தின் பக்கத்திலும்
பற்பசையால் ஒரு பொட்டு.
"வெள்ளை எவ்வளவு மஞ்சளாச்சோ
அவ்வளவு கழிச்சுக்கிடுங்க."

கழித்தேன். ரோஜா.
கொல்லம்: ரோஜா.
கோட்டயம், 5.20: ஐந்து பெட்டி ரோஜா,
நாலாம் நம்பர் மட்டும் ஊதாவின் தொடக்கம்.
அதன் மூடி உடைந்திருந்தது, ஐஸ் பாதி தண்ணீர்.
நாலாம் நம்பரை முதலில் விற்றுவிட்டதாகவும்
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்ததாகவும்
குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.
அதையும் தரவில் சேர்த்தேன்.

கட்டுரையில் பற்பசைப் பொட்டு
'வெண்மை ஒப்பீட்டுப் புள்ளி' ஆனது.
பெயர்வரிசையில் மூன்றாவதாக
த. வினுகுமார் என்று அடித்தேன்.
சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் மதிப்பீட்டாளர்தான் கேட்டிருக்கிறார்:
இவர் எந்தத் துறை?

பதில் கட்டம் காலியாக இருக்கிறது.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: சாலை.
அடுத்த மேசையில் அஜினுக்கு
சாளை என்று கேட்டிருக்கிறது.
"தயவுசெய்து
டப்பாவைத் திறக்காதே" என்கிறான்.