இடது முன்சக்கரம்

கோதெர்ஸி கணவாயின் உச்சியிலிருந்து
இறங்கத் தொடங்கி ஐந்தாவது வளைவு.
கீ—
சன்னமாக ஒரு சத்தம்.
பீங்கான் தட்டில் முள்கரண்டியை இழுத்துவிட்டு
யாரோ சட்டென்று கையை நிறுத்திக்கொண்டதுபோல.

வானொலியை அணைத்தேன்.
வேனின் பின்பக்கம் பதினோரு பெட்டி தேனீ.
வாயிலுக்கு வலை அடித்து, இரவோடிரவாக
மேய்ச்சல் மலையிலிருந்து கீழே கொண்டுபோகிறேன், பனிக்கு முன்னால்.
அவை போடும் இரைச்சலில்
எது வண்டி, எது பூச்சி என்று பிரிக்க முடியவில்லை.

பத்தூமியில் பட்டறை வைத்திருப்பவள் என் தங்கை நெஸ்தான்.
இந்தப் பதினொன்றில் நான்கு தன்னுடையவை என்பாள்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
இரவு பதினொன்றரை. எடுத்தாள்.
"என்ன சத்தம்?" என்றாள், எடுத்த எடுப்பில்.
அந்நேரத்தில் வேறெதற்கும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

"வாயால் போட்டுக் காட்டு."
போட்டேன்.
"அது ஆட்டுக்குட்டி. சரி, மிதிக்கும்போதா, விடும்போதா?"
"மிதித்தால் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் கீ."
"வேறே?"
"உய்ங்ங் என்று ஒன்று. விடாமல்."
"ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடி. கூடுகிறதா?"
ஒடித்தேன். கூடவில்லை, குறையவில்லை.
"அப்படியென்றால் பேரிங் இல்லை."
கொஞ்சம் நின்று,
"ஜுஜுனா, பின்னால் என்ன ஏற்றியிருக்கிறாய்?"

நான் பதில் சொல்லவில்லை.
பதினோரு பெட்டியும் சொல்லின.

"போனைச் சக்கரத்துக்குக் கொடு" என்றாள் பிறகு.
ஜப்பானிலிருந்து வந்த கிழட்டு டெலிகா. எனக்கு இருக்கை வலப்பக்கம்,
சத்தம் இடப்பக்கம், நடுவே ஆளில்லை.
தலைத்துணியை அவிழ்த்து
இடது கண்ணாடியோடு போனைக் கட்டினேன்.
இருபது நிமிடம் என் தங்கை
என் முன்சக்கரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு வந்தாள்,
சரளையையும் பள்ளங்களையும் கேட்டபடி.
நடுவில் அவள் கத்தியதைக் காற்று தின்றது.

கீ நின்றுபோனது.
நல்லதாயிற்று என்று நினைத்தேன்.
அடுத்த மிதியில்
கற்கற்கற்கற்—
உள்ளங்காலில் நுழைந்து முழங்கால்வரை ஏறியது,
தூக்கத்தில் ஒருவன் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல.

ஓரங்கட்டிப் போனை அவிழ்த்தேன்.
"நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.
நிறுத்திவிட்டேன் என்றேன்.

"முன்னே கீச்சிட்டதே, அது ஒரு தகடு. சின்ன நாக்கு.
பேடு தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தட்டும் என்றே வைத்தது.
அது மரியாதையாகத்தான் சொல்லும்.
இப்போது கேட்டது இரும்பும் இரும்பும்.
இனி ஒரு அடி நகராதே.
எத்தனை நாளாகக் கீச்சிடுகிறது?"
இன்றைக்குத்தான் என்றேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
ஜூலையிலிருந்து என்றேன்.
வானொலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன் என்றும்.

விடியுமுன் வந்தாள்,
நெற்றியில் விளக்கு, கையில் ஜாக்கி, கக்கத்தில் புதுப் பேடு.
சக்கரத்தைக் கழற்றினாள்.
வெளிப்பக்கத்துப் பேடு சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது.
"பார், இருக்கிறதே!" என்றேன்.
அவள் உள்ளே கைவிட்டு மற்றதை உருவினாள்:
வெறும் இரும்பு, நீலம் பாரித்து.
"பின் துருவேறி இறுகிவிட்டது.
ஒரே பக்கம்தான் வேலை பார்த்திருக்கிறது.
வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது."

பின்னை உப்புத்தாளால் தேய்த்தாள், கிரீஸ் தடவினாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று இரண்டு தடவை திட்டினாள்.

வெளிச்சம் வர வர வேனுக்குள் இரைச்சல் கூடியது.
கை துடைத்துக்கொண்டே போய்
பெட்டி பெட்டியாகக் காது வைத்தாள்.
எந்த நான்கு என்று கேட்கவில்லை.
கடைசிக்கு முந்தையதில் நெடுநேரம் நின்றாள்.

"இது முனகுகிறது. இதில் ராணி இல்லை."

எனக்குத் தெரியும் என்றேன்.
தெரியாது.