நான்காம் படி: அர்வீதாஸைக் கேட்கவும்

ஊரின் பெயர் கிளைப்பேதா.
பெயருக்குள்ளேயே கிளையும் இருக்கிறது, பேதமும் இருக்கிறது
என்று எனக்கு மட்டும் சிரிப்பு.
அறையில் இருந்த லிதுவேனியர் நால்வருக்கு
அதை எப்படி விளக்க?

பிப்ரவரி, செவ்வாய். காயலில் பாதி பனிக்கட்டி.
படகு நிறுவனத்தின் மூன்றாம் மாடி.
வெப்பக்குழாய் மேல் யாரோ காயப்போட்ட ஒற்றைக் கையுறை.
வெண்பலகையில் ஸ்கிர்மந்தே எழுதினாள்:
"இந்தக் காலாண்டுக்குள் களஞ்சியம் சீராக வேண்டும்."
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
வெகுநேரம் ஒன்றுமில்லை.

கிளைகள் இருநூற்றுப் பதினாறு.
"புதியது." "புதியது-2." "உண்மையிலேயே-புதியது."
"வெள்ளி-மாலை-தொடாதே."
எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்றான் டெய்மந்தாஸ்.
வெட்டுவதில் அவனுக்கு ஒரு குஷி,
தலையைக்கூட மழித்துக்கொண்டுதான் வந்திருந்தான்.
ஔஷ்ரா மட்டும், பொறு, அதில் ஒன்று என்னுடையது என்றாள்.
எது என்று அவளுக்கே தெரியவில்லை.
கிளைக்கும் களைக்கும் நடுவே
தமிழில் ஒரு மேல்விலங்குதான்.
இங்கே அதைப் பூட்ட ஐந்து பேர், இரண்டு மணி நேரம்.

பிறகு மாற்றக் குறிப்புகள்.
"திருத்தம்."
"மறுபடி திருத்தம்."
"மன்னிக்கவும்."
"இப்போது ஓடுகிறது, ஏன் என்று தெரியாது."
என்ன செய்தோம் என்பதை நிரலே சொல்லிவிடும்,
ஏன் என்பதையாவது மனிதர் எழுதட்டும்
என்றாள் ஔஷ்ரா.
கோட்டுக்குக் கீழே விழுந்த முதல் வரி அதுதான்.

ரையக் குடிமைப் பெயர் தெரியாத கறுப்பு ரொட்டியும்
புகையூட்டிய மீனும் வந்தன.
எண்ணெய்க் கையோடு லினாஸ்
ஆவணத்தை உரக்கப் படித்தான்.
குளிர்கால அட்டவணையை ஏற்றும் முறை.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காம் படி: அர்வீதாஸைக் கேட்கவும்.

அர்வீதாஸ் போய் மூன்று வருடம்.
பெர்கன் பக்கம் சால்மன் கூண்டுகளுக்குக் கணினி பார்க்கிறான்.
அப்படியானால் இந்த மூன்று வருடமும்?
மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவியிருக்கிறோம்,
இருட்டில் உடைந்த படியைத் தாண்டுகிறவர்கள் மாதிரி,
கால் பழகிப்போய்.

அழைத்தோம். காற்று பேசியது, பிறகு அவன்.
"அதுவா? ஏற்றியதும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.
பழைய படகின் திரை விழிக்க நேரம் பிடிக்கும்.
அதற்குள் ஐந்தாம் படியைத் தொட்டால்
கோடைக்கால நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்."
யாரும் பேசவில்லை.
டிசம்பரில், வராத ஆறரைப் படகுக்காக
பனியில் நின்ற நாற்பது பேர்
எல்லோர் கண்ணிலும் வந்துபோனார்கள்.
"எனக்கென்ன தெரியும்,
ஸ்கிர்மந்தே சொன்னாள், நான் செய்தேன்" என்றான் அவன்.
ஸ்கிர்மந்தே பேனாவை மூடினாள்.
"எனக்கு ஞாபகமில்லை."

அந்த வரியை ஆவணத்தில் எழுதியது யார்?
வரிக்கு வரி பெயர் காட்டும் ஆணை ஒன்று உண்டு.
அதற்குப் பெயர் வைத்தவர் நல்ல மனநிலையில் இருந்திருக்க மாட்டார்:
பழி.
டெய்மந்தாஸ் தட்டினான்.
திரையில் என் பெயர்.
ஆறு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வாரம்.
மாற்றக் குறிப்பு: "சரி."

ஒருவரும் திட்டவில்லை.
லினாஸ் மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.
அது இன்னும் மோசமாக இருந்தது.

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது.
எல்லோரும் போனபின் நான்காம் படியை எழுதினேன்:
காத்திருக்கவும், பதினொரு நிமிடம்,
திரையில் பனித்துகள் சின்னம் தெரியும்வரை.
குறிப்புக் கட்டத்தில் விரல் தானாகவே
"சரி" என்று அடித்தது.
அழித்தேன்.
"கேட்கப்படும் ஆள் இல்லாமல் போகலாம் என்பதால்"
என்று எழுதி அனுப்பினேன்.
கீழே படகு ஊதிக்கொண்டு
பனியை நொறுக்கி மணல்திட்டுக்குக் கிளம்பியது,
சரியான நேரத்துக்கு என்றே நினைக்கிறேன்.

ஒப்புதல் இன்னும் வரவில்லை.
ஸ்கிர்மந்தேயிடமிருந்து ஒரு வரிதான் வந்திருக்கிறது:
"பதினொன்றா, பன்னிரண்டா?
எதற்கும் அர்வீதாஸைக் கேட்டுவிடு."