இருநூற்று நாற்பது அடி

பெலகொண்டப்பள்ளி ஓடுதளத்தை ஒட்டிய ஷெட்டில்
பதினோரு வருஷமாய் விமானக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன்.
சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து
ஊத்தங்கரை வந்துவிடுவேன்.
ஒருமுறை, கழித்துப்போட்ட உயரமானி ஒன்றை
திம்மராயப்பாவிடம் கையெழுத்து வாங்கி
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல்.
ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடி காட்டும்:
கடலிலிருந்து எங்கள் வாடகை வீட்டின் உயரம்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காற்றின் அழுத்தம் குறையும்,
முள் நாற்பது ஐம்பது அடி ஏறும்.
ராத்திரி பத்துக்குத் தானாக இறங்கிவிடும்.
நேரத்துக்குத் தொழுவம் திரும்பும் மாடு என்பாள் கவுரம்மா.

அந்த ஞாயிறு நாலு மணிக்கு ஏறிய முள்
பத்து மணிக்கு இறங்கவில்லை.

செய்தியில் சொல்லிவிட்டார்கள்,
புயல் முந்தின நாளே கரையைக் கடந்து
வலுவிழந்துவிட்டது என்று.
முதலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்,
அப்புறம் வெறும் தாழ்வு மண்டலம்.
வலுவிழந்தது
செஞ்சி தாண்டி, திருவண்ணாமலை தாண்டி
சுமைதூக்கி மாதிரி நின்று நின்று வந்தது.
எங்கள் ஊரில் இறக்கிவைத்தது.

காற்றே இல்லை. முருங்கையில் ஒரு கிளை ஒடியவில்லை.
மழை மட்டும். பக்கத்தில் பேசினால் கேட்காத மழை.
பதினொன்றரைக்குத் தண்ணீர் வாசற்படியில்.
பன்னிரண்டேகாலுக்குக் கிரைண்டரின் காலில்.
ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த டூரிஸ்ட் வேன் ஒன்று
ஹாரன் தானாக அடித்துக்கொண்டே
தெருவோடு போயிற்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம்.

அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டு
கருவிமேல் டார்ச் அடித்தாள் கவுரம்மா.
"நூத்தி அறுபது அடி ஏறியிருக்கோம்."
"ஏறல."
"அப்ப இது பொய் சொல்லுதா?"
"அதுக்கு உயரம்னா என்னன்னே தெரியாது.
காத்தோட கனம்தான் தெரியும்.
கனம் குறைஞ்சா, மேலே போயிட்டோம்னு நெனச்சுக்கும்."
"யாரையோ மாதிரி" என்றாள்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

மொட்டைமாடிப் படியில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தோம்.
உயரமானி துண்டில் சுற்றி அவள் மடியில்.
மேகத்துக்கு மேலே எங்கோ ஒரு விமானம்,
சென்னையில் இறங்க முடியாமல்
பெங்களூருக்குத் திரும்புகிறதோ என்னவோ.
அவ்வளவு உயரத்தில் பறப்பவர்கள் எல்லோரும்
கீழே எந்த ஊர், என்ன மழை என்று பார்க்காமல்
ஆயிரத்துப் பதின்மூன்று என்று ஒரே அழுத்தத்தை
திருகி வைத்துக்கொள்வார்கள்.
எல்லோருக்கும் ஒரே தப்பு. அதனால் மோதுவதில்லை.
இறங்கும்போதுதான் அந்தந்த ஊரின் கணக்கு வேண்டும்.
தாழ்வுக்குள் நுழைகிறவன் திருக மறந்தால்
முள் நின்ற இடத்திலேயே நிற்கும்,
தரை கிட்டே வந்துகொண்டிருக்கும்.

என் கை திருகின் மேலேயே இருந்தது.
ஒன்பது மில்லிபார் குறைத்து வைத்தால் போதும்,
வீடு பழையபடி வீட்டின் உயரத்துக்கு வந்துவிடும்.
அவள் என் விரலைத் தட்டிவிட்டாள்.
"இருக்கட்டும். எது வரைக்கும் போகுதுன்னு பாப்போம்."
நாலு மணிக்கு இருநூற்று நாற்பது.
அதற்கப்புறம் அசையவில்லை. நாங்களும்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது.
முள் தன் ஆயிரத்து இருநூற்றுப் பத்துக்கு வந்துவிட்டிருந்தது.
கூடத்துச் சுவரில் சேற்றுக் கோடு;
தையல் டேப்பால் அளந்து பென்சிலில் எழுதினாள்:
நாலு அடி இரண்டு அங்குலம்.
கீழே என்னை எழுதச் சொன்னாள்:
இருநூற்று நாற்பது அடி.

கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ.
இரண்டையும் படித்தார், கூரையைப் பார்த்தார்,
மறுபடி படித்தார்.
"கீழ இருக்கறது என்னம்மா?"
"அது மேல இருக்கறவங்க கணக்கு சார்."
பேனாவைத் திறந்து
முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.
அதிலும் இரண்டு அங்குலம் விட்டுப்போயிற்று.