ஏனைய விடயங்கள்

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது. அவ்வளவுதான்.
இருமலை நான் எழுதுவதில்லை.
மின்விசிறி நின்றபோது
தவிசாளர் வாயில் வந்த சொல்லையும்.

வைகாசிக் கூட்டத்தில் ஆறாவது விடயம்
மண்கும்பான் தெருவிளக்கு.
ஏழாவது, ஏனையவை.
அதற்குள்தான் வந்து குந்தியது
அக்கரை அணு உலை.

இன்னும் இரண்டு உலை கட்டப் போகிறார்களாம்.
மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம்.
எந்த மக்கள் என்பதற்கு
வரைபடத்தில் ஒரு வட்டம்.
கோசலா ரீச்சர் பெரிதாக்கிப் பிரதியெடுத்து வந்திருந்தாள்.
வட்டம் கடலுக்குள் கொஞ்சத் தூரம் வந்து
ஏதோ மறந்ததுபோல் வளைந்து திரும்புகிறது.
எங்கள் பக்கத்தில் தாளே முடிந்துவிடுகிறது.

"உது எங்கட அதிகாரத்துக்குள்ள வருமோ?"
என்றார் ஓர் உறுப்பினர். பெயர் அறிக்கையில் உண்டு.
குப்பை எங்களுடையது. சந்தை, சுடலை, வாசிகசாலை,
கட்டாக்காலி நாய்க்கு ஊசி.
சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
காற்று எத்தனையாம் பக்கத்தில் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

பொதுமக்கள் வாங்கிலிருந்து சவிரிமுத்து எழும்பினார்.
அந்த வாங்கு பேசக்கூடாது, விதி.
தவிசாளர் மணியில் கை வைத்தார், அடிக்கவில்லை.
"இப்ப தொடங்கி ஆவணி தாண்டும் மட்டும் சோளகம்.
அது எங்க இருந்து வருதெண்டு
உங்கட படத்தில ஒருக்காக் கீறிக் காட்டுங்கோ பாப்பம்."

ரீச்சர் கீறினாள்.
வட்டத்தின் நடுவிலிருந்து புறப்பட்ட அம்பு
தாள் விளிம்பைத் தாண்டி
மேசைப் பலகையில் ஏறி
தவிசாளரின் தேத்தண்ணிக் கோப்பையில் முட்டியது.
அவர் கோப்பையை நகர்த்தி வைத்தார்.
அம்பு இன்னும் ஒரு சாண் போனது.

கருவாட்டு யோகநாயகிக்குப் படம் வேண்டாம்.
"இறங்குதுறைக் கம்பத்தில பெட்டியொண்டு பூட்டிக் கிடக்கு.
கதிர்வீச்சு அளக்கிற பெட்டியாம். அது ஆருக்குச் சொல்லுது?"
"கொழும்புக்கு."
"கொழும்பு ஆருக்குச் சொல்லுது?"

அதன்பிறகு வந்த மௌனத்தை எழுத
என்னிடம் படிவம் இல்லை.

தீர்மானம் ஒன்று: அக்கரைக்கு ஆட்சேபக் கடிதம்.
எட்டு ஆதரவு, மூன்று நடுநிலை.
தீர்மானம் இரண்டு: பெட்டியின் அளவை நாளாந்தம் வாங்கி
இறங்குதுறைப் பலகையில் எழுதுவது.
வழிமொழிந்தவர் எட்வேட் ரஜிந்தன், நடுநிலை மூவரில் ஒருவர்:
"ஜாம்போத்தில் விளக்கில படிச்சவன் நான்.
கரண்டை ஒருநாளும் பழிக்க மாட்டன்.
அளவைத்தான் கேக்கிறன்.
நல்ல அளவெண்டாலும் போடோணும்."
பதினொரு கையும் உயர்ந்தது.

கடிதம் பதிவுத் தபாலில் போனது.
பற்றுச்சீட்டைக் கோவையில் குத்தினேன்.

பலகை என் தலையில் விழுந்தது.
முதல் வள்ளத்துக்கு முன் போய்
திகதி போடுவேன். கீழே:
இன்றைய அளவு: கிடைக்கவில்லை.

முதல் வாரம் ஆட்கள் அதில் சைக்கிள் சாத்தினார்கள்.
பிறகு நயினாதீவுக்குப் போகிற ஒரு பிள்ளை
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தாயைக் கேட்டது,
என்ன கிடைக்கேல்லை?
தாய் என்னைப் பார்த்தாள்.
நான் சோக்கட்டியைப் பார்த்தேன்.

இருபத்துமூன்றாம் நாள்
என் வரிக்குக் கீழே வேறொரு கை,
உப்பில் ஊறிய விரல் போலக் கோணல் எழுத்து:
காற்று: சோளகம், கடும்.
மறுநாள்:
காற்று: சோளகம். மீன்: சூடை, கொஞ்சம்.
நான் அழிக்கவில்லை.

ஆனிக் கூட்டறிக்கைக்கு
அவற்றைத் திகதிவாரியாக இணைத்திருக்கிறேன்.
முன்மொழிந்தவர்: பெயர் தெரியாது.
வழிமொழிந்தவர் என்ற இடத்தில்
எழுதுவினைஞர் பெயர் வரலாமா என்று
கேட்பதற்கு ஆளில்லை.
மணி ஐந்தாகிறது. காவலாளி கதவுகளைச் சாத்துகிறான்.
பேனையை மூடாமல் இருக்கிறேன்.