ரண்டு லிட்டரு கொறவு

ஆடி கழிஞ்ச மொத புதன்கிழமை, பொழுதோட,
பால்கேனோட பரிசல்ல நான் நடு ஆத்துல.
வடக்க இருந்து வந்துச்சு காவித்துணி ஒண்ணு.
வேட்டி ஆத்தோட போகுதுன்னுதான் நெனச்சேன்.
அதுக்கடியில படகு. படகுக்குள்ள ரண்டு பேரு.
"தண்ணி ஆழமா?"ன்னாரு தாடிக்காரரு.
"பரிசலுக்கு ஆழந்தானுங்க,
பயப்படறதுக்குப் பத்தாது."

மணப்பாட்டுக்காரரு, பேரு மச்சாது.
கப்பல்ல இஞ்சின் பாத்தவரு. சம்சாரம் லிடியா.
மேட்டூருக்குக் கீழ எறங்குனது, பூம்புகார் போறாங்களாம்.
கதவணை வந்தா படகத் தூக்கிக்
குட்டியானையில வெச்சு அந்தப் பக்கம் விடறதாம்.
"கடலுக்குப் பஸ்ஸு இல்லீங்களா?"ன்னா பழனாத்தா.

எங்க திட்டுல ஒம்பது வீடு.
ஒறம்பர வர்றதே நோம்பிக்குத்தான்,
அதும் தண்ணி கம்மியா இருந்தா.
சந்தகை புழிஞ்சாங்க.
கேன் மூடியத் தெறந்து காப்பிக்கு ஊத்துனது நாந்தான்,
அளக்கல.
அவங்க மூட்டையில இருந்து சீலாக் கருவாடு.
வறுத்த வாசத்துக்கு
அக்கரை நாய் ஊளையிட்டுச்சு.

கப்பலோட உசரம் கேட்டான் நாச்சிமுத்து:
"மேட்டூர் டேம் அளவு இருக்குமுங்களா?"
"பாதி."
நாங்க கொஞ்சம் நெஞ்ச நிமித்திக்கிட்டோம்.

அப்பறந்தான் அந்தம்மா மெதுவா சொல்லிச்சு,
"இவருக்கு நீச்சல் தெரியாது."
முப்பத்தொரு வருசம் கடல்ல.
யாரும் சிரிக்கல.
அடுப்புல வெறகு மட்டும் படபடங்குது.

விடியக்காலம் பாத்தா
அவரு முதுகுல சொரப்புருடை.
கயித்த இறுக்கிக் கட்டறவ வர்சிகா, ஆறாப்பு.
"காலை ஒதறுங் மாமா! தண்ணிய முழுங்காதீங்!"
பத்தடி போனாரு.
பாறையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி
என்னயப் பாத்தாரு,
மொதச் சம்பளம் வாங்குன பையனாட்டம்.

போறப்பக் காசு நீட்டல, நல்ல வேளை.
புருடைய மட்டும் கேட்டாரு.
"திருப்பித் தரோணும்"னா வர்சிகா.
"எப்படிம்மா?"
"ஆத்துல விட்டா..."ன்னவ
அதோட நிறுத்திக்கிட்டா.
ஆறு மேல ஏறாதுன்னு அவளுக்கே தெரியும்.
இருந்தாலும் குடுத்தா.

சொசைட்டிக்காரரு நோட்டப் பொரட்டிட்டுக் கேட்டாரு,
"புதங்கிழம ரண்டு லிட்டரு எங்கீங்க?"

"கடலுக்குப் போயிருச்சுங்"ன்னேன்.